எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தினமும் காலையில் உங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பவன்தான் எழுதுகிறேன். போன வாரம் பீடியைப் பற்றிப் பேச்சு வந்தபோது பாதியில் எழுந்து போய்விட்டேன். கோபம் இல்லை. சித்தப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சொல்ல முடியாததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

“சிகரெட்டுலதான் கெமிக்கல், பீடி வெறும் இலை” என்றீர்கள். சித்தப்பாவும் அதையேதான் சொல்வார். ஒரு பீடி முடிவதற்குள் மூன்று தடவை தீக்குச்சி கிழிப்பார். பீடி இலையில் காற்று சரியாகப் புகாது. விட்டு விட்டு இழுத்தால் அணைந்துவிடும். அதனால் சிகரெட்டைவிட அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் தூள் கொஞ்சம்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

அவரைக் கொண்டுபோனது புற்றுநோய் இல்லை, டி.பி. “அது கிருமியால வர்றது, பீடி என்ன பண்ணும்?” என்று கேட்டீர்கள். கிருமிதான், சரி. ஆனால் அந்தக் கிருமி நம்மில் பலருக்குள் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறது. புகை நுரையீரலின் காவலைக் கெடுத்து அதை எழுப்பிவிடுகிறது. இதை எங்கோ வெளிநாட்டில் கண்டுபிடிக்கவில்லை. சென்னையிலும் நம் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து எழுதிய ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்கு அளவில் புகைப்பவர்கள் டி.பி.யால் இறந்திருந்தார்கள். நான்கு மடங்கு! அந்தக் கணக்கில் இருப்பவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்.

அப்புறம், தொண்ணூறு வயது வரை பீடி குடித்த தாத்தா கதை. அவர் இருந்தார், மறுக்கவில்லை. அவரோடு சேர்ந்து குடித்து ஐம்பதில் போனவர்கள் எத்தனை பேர் என்று அவர் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், பெயர் பெயராகச் சொல்வார்.

“இனிமே விட்டு என்ன ஆகப்போவுது” என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பிரிட்டனில் டாக்டர்களையே 1951 முதல் 50 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். விடாமல் புகைத்தவர்களுக்கு ஆயுளில் சராசரியாகப் பத்து வருடம் குறைந்தது. 50 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஆறு வருடமும், 60-இல் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருடமும் திரும்பக் கிடைத்தன. மூன்று வருடம் கிடைத்திருந்தால் சித்தப்பா பேத்தியைத் தூக்கியிருப்பார்.

இவ்வளவும் எழுதக் காரணம் மேலத்தெருப் பையன். டி.பி. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு நம்மில் ஒருவர் “ஒண்ணு குடிச்சா ஒண்ணும் ஆவாது” என்று அவனிடம் பீடியை நீட்டினார். அவன் கை நீட்டத் தயங்கியதை நான் பார்த்தேன். இன்னும் நான்கு மாத மாத்திரை பாக்கி இருக்கிறது. தயவுசெய்து அவனுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள். உங்களில் யாருக்காவது விட மனசிருந்தால் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு கிடையாது. தனியாகப் பேசக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பெஞ்சுக்காரன்