குடியிருப்போர் நலச்சங்கம், பாளையங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் தெருப் பெரியவர்கள், தாய்மார்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்து மாற்றி வாங்கினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் திரளாக வந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி தெருவோர வடிகாலான வாறுகாலுக்குத்தான் போனது.

வாறுகாலில் விழுவதெல்லாம் எங்கேயோ போய்ச் சுத்தமாகிவிடும் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது பாதாளச் சாக்கடைக் கழிவு மட்டுமே. நம் தெரு வாறுகால் நேராகப் பாளையங்கால்வாயில் விழுகிறது. பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து, மேலப்பாளையம் வழியாக வரும் அந்தக் கால்வாய் நமக்குக் கீழே வயலுக்குப் பாய்கிறது. ஊரின் மற்ற ஓடைகள் ஆற்றிலேயே கலக்கின்றன. அந்த ஆற்றைத்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள். நம் வாசலில் கிடப்பது அவர்கள் குடத்துக்குப் போகக் கூடாது.

மழைக்கு முன்னால், புரட்டாசியில் வாறுகாலைத் தூர்வாரினோம். தெருமுனையில் சிலாப்பைத் தூக்கிப் பார்த்தால், அடுப்பங்கரை எண்ணெய்ப் பசை கட்டியாக உறைந்து கிடந்தது. அதில் ஷாம்பு பாக்கெட்டும் பால் கவரும், வீடு கட்டக் குவித்த எம்சாண்டும் ஒட்டிக்கொண்டு, கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிந்தது. அள்ளிய சகதியை ஓரத்திலேயே விட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளேதான் போகும். அதனால் அன்றைக்கே டிராக்டர் வைத்து அகற்றினோம். வாடகை அதிகம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். என் கணக்கில் அது வீண் செலவே இல்லை.

ஐப்பசி கார்த்திகை அடைமழை என்பார்கள். தீபாவளியும் அந்த ஐப்பசியை ஒட்டித்தான் வருகிறது. மழை விட்ட நாட்களில் தெருவில் படிந்ததையெல்லாம் அடுத்து விழும் முதல் மழை ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு போகும். கூடவே வெடித்த காகிதமும் மருந்துத் தூளும் போகும். இந்தத் தீபாவளிக்கு நம் இளைஞர்கள் வெடி முடிந்த இரவே வாசல்களைக் கூட்டி, தண்ணீர் ஊற்றித் தள்ளாமல் சாக்கில் அள்ளினார்கள். இந்த ஆண்டு நடந்ததில் எனக்கு ரொம்பவும் நிறைவு தந்தது அதுதான். முறுக்கு சுட்ட எண்ணெயையும் பல தாய்மார்கள் வாறுகாலில் கொட்டாமல், ஆறவிட்டுப் பழைய பேப்பரில் ஊறவைத்துக் குப்பை வண்டியில் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

பைக்கை வாசலில் கழுவுவது இன்னும் நிற்கவில்லை. ஆயிலும் சோப்பும் சேர்ந்தே ஓடுகின்றன. மண்தரையில் நிறுத்திக் கழுவினாலே பாதிக்கு மேல் மண்ணிலேயே இறங்கிவிடும். முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டவர்கள் மதில் ஓரமாக ஒரு முழமாவது மண்ணாக விடலாம். செடிகளுக்கு யூரியா வைப்பவர்கள் வானம் பார்த்து வையுங்கள்.

அப்புறம் வாஷிங் மெஷின் குழாய். பல வீடுகளில் அது நேரே வாறுகாலில்தான் விழுகிறது. மழையே இல்லாத பங்குனியிலும் நம் வாறுகால் நுரைத்து ஓடுவது இதனால்தான். சோப்பு நீரின் பாஸ்பேட்டும் மற்ற கழிவின் சத்தும் சேர்ந்துதான் கால்வாயில் ஆகாயத்தாமரையை வளர்க்கின்றன. அது மண்டினால் தண்ணீர் எதிர்த்து நம் தெருவுக்குள்ளேயே ஏறும். சில வீட்டார் குழாயைப் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் ஆவணிக்குள் மாற்றித் தர வேண்டும். கையில் பணம் இல்லாத வீடுகளுக்குப் பிளம்பர் கூலியில் பாதியைச் சங்கமே ஏற்க, இந்தப் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்