கம்பூட் போட்ட கரடியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொம்மைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஆங்கிலச் சிறுவர் கதைகளில் வரும் பேடிங்டன் கரடியின் பொம்மைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. அந்த ஒரு பத்தியில் மூன்று தவறுகள். முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதை நம்பினால் நல்ல பொம்மையைப் போலி என்று ஒதுக்கிவிடுவோம். மூன்றாவதை நம்பினால் பொம்மையே மிஞ்சாது.

முதல் புத்தகத்திலிருந்தே கரடி கம்பூட் (மழைக்குப் போடும் உயரமான ரப்பர் பூட்ஸ்) போட்டிருந்தது என்கிறது கட்டுரை. மைக்கேல் பாண்ட் எழுத, பெக்கி ஃபோர்ட்னம் படம் வரைந்த அந்தப் புத்தகம் 1958-இல் வந்தது. பெருவிலிருந்து வந்து லண்டன் பேடிங்டன் ரயில் நிலையத்தில் தனியே நிற்கும் கரடியிடம் அப்போது ஒரு தொப்பி, ஒரு பெட்டி, 'தயவுசெய்து இந்தக் கரடியைப் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றி' என்ற சீட்டு, இவ்வளவுதான் இருந்தது. உருளைப் பொத்தான் வைத்த தடித்த டஃபிள் கோட்டைக்கூட, கரடியை வீட்டுக்கு அழைத்துப்போகும் பிரவுன் குடும்பத்தார் பிறகுதான் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுக்கிறார்கள். கம்பூட் 1964-இல் வந்த புத்தகத்தில் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைக்கிறது.

பொம்மைக்குக் கம்பூட் வந்ததற்குக் காரணம் கதை அல்ல, புவியீர்ப்பு. இங்கிலாந்தின் டான்காஸ்டர் பகுதியில் கேப்ரியேல் டிசைன்ஸ் என்ற சிறு தொழிலை நடத்திவந்த ஷெர்லி கிளார்க்சன் தன் இரண்டு பிள்ளைகளுக்காக முதலில் தைத்த கரடி இது. (அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் கார் நிகழ்ச்சிகளால் உலகறிந்த ஜெரமி கிளார்க்சன்.) துணிக் கரடி நிற்காமல் சாய்ந்தது. நிறுத்திவைக்கக் கம்பூட் மாட்டினார். 1972 முதல் உரிமத்தோடு விற்பனைக்கு வந்தது.

இரண்டாவது தவறு: கம்பூட்டில் டன்லப் என்று இருந்தால் அது போலி, வேறு குழந்தையின் பூட்ஸை மாட்டியிருக்கிறார்கள் என்பது. உண்மை தலைகீழ். தொடக்க காலக் கரடிகளுக்குப் போட்டதே டன்லப் நிறுவனத்தின் குழந்தைகள் கம்பூட்தான். விற்பனை ஏறியதும் அந்தச் சிறிய அளவு தேவைக்கேற்பக் கிடைக்கவில்லை. கேப்ரியேல் தாங்களே பூட்ஸ் செய்யத் தொடங்கி, அடிப்பாகத்தில் கரடியின் பாதத் தடத்தை அச்சாகப் பதித்தார்கள். எனவே டன்லப்பும் அசல், பாதத் தடமும் அசல். அதற்காக டன்லப் என்ற எழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடவும் கூடாது. பழைய குழந்தைக் கம்பூட் தேடினால் கிடைக்கிற பொருள். பிந்தைய கரடிக்கு மாட்டி முந்தையது என்று விற்பது சுலபம். உடம்பில் தைத்திருக்கும் துணிச்சீட்டை முதலில் பாருங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் நூலும் பக்கத்துத் தையலின் நூலும் ஒரே பழமையோடு இருக்கிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். கம்பூட் அதற்கப்புறம். இரண்டு பூட்ஸும் ஒரே ஜோடிதானா என்று திருப்பிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஒன்று தொலைந்து வேறொன்று சேர்ந்த கதை நிறையவே உண்டு.

இனி மூன்றாவது. 'மென்மையான சுழற்சியில் வாஷிங் மெஷினில் போட்டு வெயிலில் காயவைத்தால் புதிதுபோல் ஆகும்' என்ற வரி. இந்தப் பொம்மை ஒரே பொருளால் ஆனதல்ல. செயற்கை ரோமம், உள்ளடைப்பு, ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி) தொப்பி, கோட்டு, மர உருளைப் பொத்தான், அட்டைச் சீட்டு, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கம்பூட் என்று ஏழு விதம். தண்ணீர் பட்டால் ஏழும் ஏழு விதமாக நடந்துகொள்ளும். ஃபெல்ட் சுருங்கி, தொப்பியின் விளிம்பு அப்பளம்போல் நெளியும். கோட்டின் சாயம் ஓடி ரோமத்தில் ஏறும். ஏறிய சாயம் இறங்காது. செயற்கை ரோமம் சூட்டில் இளகிச் சுருண்டுவிடும். தலைமுடிபோல் சீவி நிமிர்த்த முடியாது, ஏனென்றால் இழையே உருமாறிவிட்டது. ஹேர் டிரையரும் வேண்டாம் என்பது இதனால்தான்.

சுத்தம் செய்யும் முறை இது. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி, கோட்டு, சீட்டு, கம்பூட் நான்கையும் கழற்றித் தனியே வையுங்கள். வேக்குவம் குழாயின் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டி, குறைந்த இழுப்பில், ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே தூசி எடுங்கள். காலுறை எதற்கு? கழன்றுகொண்டிருக்கும் கண்ணோ மூக்கோ குழாய்க்குள் போய்விடாமல் இருக்க. பிறகு ஈர வெள்ளைத் துணியை ரோமத்தின் மறைவான ஓர் இடத்தில் அரை நிமிடம் அழுத்துங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஒட்டவில்லை என்றால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் சாதாரண ஷாம்பு விட்டு நன்றாக அடித்து நுரை கிளப்புங்கள். தேவை அந்த நுரை மட்டும்தான், தண்ணீர் அல்ல. மென்மையான பிரஷ்ஷால் நுரையை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியாகத் தேய்த்து, பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்த பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். ஈரம் ரோமத்தின் வேரைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒருநாள் முழுக்க விடுங்கள். பாதி காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வாரினால் ரோமம் எழும்பும்.

தொப்பியை நனைக்கவே வேண்டாம். உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி அடைத்து, கொதிக்கும் கெண்டியிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து ஆவி காட்டி, விரலால் விளிம்பை நீவிவிட்டால் போதும்.

பொம்மையை அமுக்கும்போது நறநறவென்று சத்தமோ, தையலிலிருந்து மஞ்சள் தூளோ வந்தால் உள்ளே நுரை ரப்பர் துண்டுகள் சிதைகின்றன என்று அர்த்தம். காற்றுப் பட்டுப்பட்டு அந்தப் பொருள் பொடியாகும். அதை நிறுத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். முதுகுத் தையலில் 8 செ.மீ. மட்டும் பிரித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தூளை முழுவதும் எடுத்துவிட்டுப் பாலியெஸ்டர் பஞ்சு அடையுங்கள். வயிற்றிலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தொப்பியின் பாரத்தைத் தாங்குவது கழுத்து, நிற்கவைப்பது கணுக்கால். தலைக்கு அடுத்து, கால்களின் அடியையும் கழுத்தையும் கரண்டிக் காம்பால் கெட்டியாகக் குத்தி அடைத்த பிறகே வயிற்றுக்கு வர வேண்டும். வயிறு சற்றுத் தளர்வாக இருக்கலாம், கரடிக்கு அழகுதான். பழைய ஊசித் துளைகளிலேயே மறைதையல் போட்டு மூடுங்கள்.

கம்பூட் தனிக் கதை. ரப்பர் காலப்போக்கில் இறுகி மடிப்பில் வெடிக்கும்; பிளாஸ்டிக் ரகத்தில், அதை வளைந்துகொடுக்க வைக்கும் இளக்கி என்ற பொருள் கசிந்து பிசுபிசுக்கும். ரோமத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். டால்கம் பவுடரைத் தூவி, வழவழப்பான ஐஸ்கிரீம் குச்சியைச் சுற்றிலும் மெதுவாக விட்டுப் பிரியுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவுவது நம்மவர் வழக்கம். எண்ணெய் ரப்பரை ஊதவைத்து இன்னும் வேகமாகக் கெடுக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உள்ளே தாள் அடைத்தால் போதும். அதே அலமாரியில் வெள்ளிச் சாமான் வைக்க வேண்டாம்; ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

லண்டனிலிருந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இந்தக் கரடியைக் கொண்டுவந்தவர்களுக்கு ஈரக்காற்றும் அந்துப்பூச்சியும்தான் எதிரி. கோட்டில் கம்பளி கலந்திருந்தால் பூச்சி அதைத்தான் முதலில் தின்னும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், கண்ணும் பொத்தானும் மங்கலாம். பூச்சி விழுந்துவிட்டால், நன்றாக உலர்ந்த கோட்டையும் தொப்பியையும் காற்று நீக்கிய பாலிதீன் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒருநாள் விட வேண்டும். உடனே திறந்தால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். கம்பூட்டை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, குளிரில் விறைத்து வெடிக்கும்.

அட்டைச் சீட்டை மட்டும் கரடியின் கழுத்திலேயே விட்டுவைக்காமல், தெளிவான பாலியெஸ்டர் உறையில் போட்டுத் தனியே வையுங்கள். காட்சிக்கு நகல் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம், பின்பக்கம் 'நகல்' என்று பென்சிலால் எழுதி.

இப்படிக்கு,
பழைய துணிப் பொம்மைகளைச் சீர்செய்யும் ஒரு வாசகர்