மசில் கார் ஏலம்: காகிதத்துக்குத்தான் விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பழைய மசில் கார்கள் (பெரிய என்ஜின் பொருத்திய வேகக் கார்கள்) ஏலத்தில் கோடிக்கணக்கில் விலைபோவது பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டெட்ராய்ட்டை ஒட்டிய ட்ராய் நகரில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் நான். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வண்டிகளைத் தங்கத்துக்கும் நிலத்துக்கும் நிகரான முதலீடு என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது என்னை மிகவும் வருத்தியது. இவை எதற்காக, யாருக்காகச் செய்யப்பட்டன என்பதை அக்கட்டுரை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

1964-இல் பான்டியாக் நிறுவனம், நடுத்தர அளவிலான டெம்பெஸ்ட் காரில் பெரிய கார்களுக்கு உரிய 389 கன அங்குல என்ஜினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றது. அதற்காக வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்தது 300 டாலருக்கும் குறைவு. 1968-இல் பிளைமவுத் நிறுவனம் கொண்டுவந்த ரோடு ரன்னர் இன்னும் எளிமையானது. அடிப்படை விலை 3,000 டாலரைத் தாண்டக்கூடாது என்பதற்காகத் தரைவிரிப்புக்குப் பதில் ரப்பர் பாய் போட்டார்கள்; முன்னால் நீண்ட பெஞ்சு இருக்கைதான்; ஆனால் 383 கன அங்குல என்ஜின் 335 குதிரைத்திறன் தந்தது. டெட்ராய்ட்டின் லிஞ்ச் ரோடு ஆலையில் அதைப் பூட்டி இறக்கிய தொழிலாளியே சம்பளத்தில் தவணை கட்டி வாங்கி ஓட்டக்கூடிய வண்டி அது.

இன்று ஏலத்தில் உச்சவிலைக்குப் போகிறவற்றில் பல, அன்று விற்காமல் கிடந்தவை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ இசட்.எல்.1 மொத்தம் 69 வண்டிகளே செய்யப்பட்டன. அதன் அலுமினிய என்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர் ஆனதால் காரின் விலை ஏழாயிரத்தைத் தாண்டிவிட, ஐம்பது வண்டிகளை வரவழைத்த விற்பனையாளர் ஒருவர் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பிளைமவுத்தின் 1971 ஹெமி குடா, அதாவது ஹெமி என்ற மிகுதிறன் என்ஜின் பொருத்திய குடா கார், திறந்த கூரை கொண்ட வகையில், ஒரு டஜனுக்கு மேல் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் இளைஞர்களிடம் கடும் கட்டணம் கேட்டதாலும், ஹெமி என்ஜினுக்குத் தனியே பல நூறு டாலர் ஆனதாலும், அதை வாங்க ஆள் இல்லை. அந்த வகையில் ஒன்றுதான் 2014-இல் சியாட்டிலில் 35 லட்சம் டாலருக்குப் போனது. வாங்க ஆளில்லாததால் வந்த அரிதுக்கே இந்த விலை என்னும்போது, வண்டியின் தகுதிக்குக் கிடைத்த விலை என்று எழுதுவது சரியாகாது.

அந்த அரிதை மெய்ப்பிப்பது காகிதம். என்ஜினிலும் கியர்பெட்டியிலும் பொறித்த எண்கள் காரின் சேஸ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆலையில் வண்டியோடு சென்ற தயாரிப்புத் தாள் கையில் இருக்க வேண்டும். ஃபோர்டு வண்டிகளுக்கு ஆலைப் பதிவுகள் எஞ்சியிருப்பதால் சான்று பெற முடிகிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லே வண்டிகளுக்கு அத்தகைய பதிவுகள் பெரும்பாலும் இல்லாததால், பழைய என்ஜின் கட்டையின் எண்ணைத் தேய்த்து வேறு எண் பொறிக்கும் மோசடி அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. விலை ஏற ஏற அந்த ஆசையும் ஏறுகிறது.

இதை நான் கண்ணெதிரே பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்முடைய 1968 ரோடு ரன்னரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். ஞாயிறு காலையில் அவர் அதைக் கிளப்பினால் எங்கள் சமையலறை ஜன்னல் அதிரும். பெட்ரோல் வாடை வேலி தாண்டி வரும். அவர் காலமான பிறகு, ஏல நிறுவனம் ஒன்றின் ஆள் வண்டியைப் பார்க்க வந்தார். என்ஜினைக் கிளப்பச் சொல்லவில்லை. முன்கண்ணாடி வழியே டார்ச் அடித்து, எண் தகட்டில் ஐந்தாவது எழுத்தைப் படித்தார். அந்த இடத்தில் ‘ஜே’ இருந்தால் ஹெமி. ‘எச்’ இருந்தால் 383. இதில் ‘எச்’. “தாள் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். மறுவாரம் பெரியவரின் மனைவியான அம்மையாரும் நானும் பின்னிருக்கையைக் கழற்றியபோது, சுருள்கம்பிகளுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. பழுப்பேறி, ஓரத்தை எலி அரித்து, கம்பியின் துருக்கோடுகள் வளையம் வளையமாகப் பதிந்திருந்தன. தொலைபேசியில் அதைச் சொன்னதும் அதே ஆள் சொன்ன விலை கணிசமாக உயர்ந்தது. வண்டி நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தது.

விலையேற்றத்தால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ வண்டிகளை அது காப்பாற்றியிருக்கிறது; தகடுகளையும் உதிரிபாகங்களையும் மீண்டும் செய்துதரும் ஒரு தொழிலே அதனால் பிழைக்கிறது. ஆனால் 2006-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போன ஹெமி விலைகள் அடுத்த சில ஆண்டுகளில் கடுமையாகச் சரிந்தன என்பதை, முதலீடு செய்யச் சொல்லும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ‘புல்லிட்’ படத்தில் ஓட்டிய 1968 ஃபோர்டு மஸ்டாங், 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்து (ஏலம் முடிந்த கேட்பு விலை அது), ஏலக் கட்டணம் சேர்த்து 37.4 லட்சம் ஆனது. 1974-இல் அதை 6,000 டாலருக்கு வாங்கிய குடும்பத்தின் தலைவி, பள்ளிக்கூட வேலைக்கு அதில்தான் போய்வந்தார். ஏலத்துக்கு வந்தபோதும் புது வண்ணம் பூசாமல், அடிபட்ட தழும்புகளோடுதான் வந்தது. ஓட்டிய வண்டி என்பதுதான் அதன் பெருமை. ஏலத்தில் வாங்கிய பலர் இன்று தங்கள் வண்டிகளைக் குளிரூட்டிய கூடத்தில் பூட்டி வைப்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தாங்கள் இனி ஏலச் செய்தி வெளியிடும்போது, சுத்தியல் விழுந்த விலையையும் கட்டணம் சேர்ந்த விலையையும் பிரித்துக் காட்ட வேண்டுகிறேன். சென்ற கட்டுரையில் இரண்டும் கலந்துவிட்டன. எதிர்பார்த்த விலை வராமல் திரும்பிப்போன வண்டிகளையும் குறிப்பிட வேண்டும். 2021-இல் இண்டியானாபொலிஸில் ஒரு ஹெமி குடாவுக்கு 48 லட்சம் டாலர் வரை கேட்டும் அது விற்கவில்லை.

அந்த அம்மையார் ஏலத்துக்குக் கொடுக்கவில்லை. சொன்ன விலைக்கும் குறைத்து, கார்புரேட்டர் பழுது பார்க்க வந்துகொண்டிருந்த இளைஞரிடமே வண்டியைக் கொடுத்தார். ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை உட்வர்டு அவென்யூவில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்தில் சென்ற ஆண்டு அதைப் பார்த்தேன். பின்னிருக்கையில் அந்த அம்மையார் உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ட்ராய், மிச்சிகன்.