எடைக்குப் போன எட்டுத் தறி

அன்பு மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். உன் பொண்ணு இப்போது எந்த வகுப்பு என்றுகூட எனக்குத் தெரியாது, தப்புதான். திட்டுவதையெல்லாம் போனுக்கு வைத்துக்கொள். இதை எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும் என்று தோன்றியது.

சோமனூர் மாமா தறியை எடைக்குப் போட்டுவிட்டார். எட்டும். போன வியாழக்கிழமை, நானும் அங்கேதான் இருந்தேன்.

உனக்கு உடனே நம் படத்தின் கடைசிக் காட்சிதான் ஞாபகம் வந்திருக்கும். விற்ற தறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒட்டுமீசையோடு கட்டையன் விம்மி விம்மி அழ, நீ எங்கிருந்தோ பிடித்துவந்த வயலின் இழுக்கும். வியர்வையில் மீசை நழுவியதை உதடு துடிப்பதாக நினைத்து அந்த டேக்கையே வைத்தோமே, அதேதான்.

வியாழக்கிழமை யாரும் அழவில்லை. மாமா இரும்புக்காரரிடம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்டார். ஐம்பது பைசாவில் முடிந்தது. எடை மேடைவரை கூடவே போய்க் காலி வண்டியின் எடைச்சீட்டை இரண்டு தரம் பார்த்தார். தறி பிரித்த பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மோட்டார்களை மட்டும் தரவில்லை. "அது ஓடற பொருளு மாப்ள, எடைக்கா போடறது?" என்றார். அத்தைக்கு ஒரே யோசனை, காலியான குடோனில் மாடு கட்டலாமா என்று.

நாம் எழுதின மாதிரி ஒரே ராத்திரியில் மனசு உடைந்து எடுத்த முடிவும் இல்லை. 2022இல் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்களே, அப்போதே இது ஆகாது என்று தெரிந்துவிட்டதாம். அப்புறம் ஓட்டினதெல்லாம் கடனை அடைக்கத்தான். இதை வைத்து நாம் கதை எழுதியிருந்தால், இதில் கதையே இல்லையே என்று நானே கிழித்துப் போட்டிருப்பேன்.

அன்று ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். அடேயப்பா, 2012! நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. இருந்தால் தறிச் சத்தத்தில் வசனம் கேட்காது, போனால் வெளிச்சம் இல்லை. டியூப் லைட் திரையில் பட்டை பட்டையாகத் துடிக்க, ஷட்டரை ஐம்பதில் வைத்தால் போதும் என்று கண்டுபிடிக்கவே நமக்கு நாலு நாள். இதற்கு நடுவில், ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் படம் காட்டக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய கோயம்புத்தூரில் பிறந்த நமக்கு முடியாதா என்று நீ பிரசங்கம் வேறு பண்ணினாய். கேமரா வாடகையில் உன் பங்கு அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர். அதில் ஒரே ஷாட், 12 நிமிஷம். அந்த 550டி கேமரா ஒரே மூச்சில் அவ்வளவுதான் ஓடும். கட்டையன் அழுதுகொண்டிருக்கிறான், திடீரென்று கரண்ட் வருகிறது. கரண்ட் போனபோது தறியை நிறுத்தும் கைப்பிடியை யாரும் தள்ளிவிடவில்லை, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவோ பாவு இழைகளுக்கு நடுவில் நிற்கிறது. தறி ஓட ஆரம்பித்ததும் இழைகள் கொத்தாக அறுகின்றன. மாமா ஓடிவந்து கட்டையனை ஒரே தள்ளாகத் தள்ளித் தறியை நிறுத்துகிறார். நான் "கட்!" என்று கத்துகிறேன். கேமராவை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

மீதி ஒன்பது நிமிஷமும் மாமாவின் முதுகும் விரல்களும்தான். அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, விழுதில் கோத்து, அச்சுக்குள் விட்டு, முடிச்சுப் போடுகிறார். வெளியே நாம் யார் மேல் தப்பு என்று சண்டை போடுவது கேட்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கரண்ட் போகிறது. இருட்டில், "மாப்ள, அந்த லைட்டைக் கொஞ்சம் இக்கட்டால புடி" என்கிறார். நீ செல்போனோடு போய் நிற்கிறாய். உன் கை நடுங்காமல் இருக்கிறது. அப்போது என் குரல்: "டேய், அவரு கட்டிக்குவாரு, நீ வாடா, டைம் ஆச்சு."

நீ வரவில்லை. கேமரா நிற்கும்வரை அங்கேயேதான் நிற்கிறாய்.

தறிக்காரரைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று பத்து நாள் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றோம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்த வசனம் ஆரு கண்ணு எழுதுனது? தறிக்காரன் இத்தன பேசுவானா?" நாம் சிரித்தோம். எழுதியவன் நான். இன்னும் உறுத்துகிறது.

அந்த ஷாட்டை உனக்கு அனுப்புகிறேன். எடிட்டர் புத்தியோடு வெட்டாமல் முழுதாகப் பார். மாமாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று ஆசை. தறி ஓடுவது இனி அதில்தான் இருக்கிறது. ஆனால் என் குரலும் அதிலேயே இருக்கிறதே. அதை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டுவது சரியா? நீயே சொல். கட்டையனிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே, இன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவான்.

உன்
மாப்ள