அம்மா சூடாகச் சாப்பிட்ட முதல் கறி தோசை

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததை அன்றைக்கே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், பதில் எழுதத்தான் இத்தனை நாள். இங்கே மதுரையில் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, இப்போது பேப்பரைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். சின்னவள் ஒன்றாம் வகுப்பு போகிறாள். மற்றதெல்லாம் பழையபடிதான். ஆனால் போன சனிக்கிழமை நடந்ததை உனக்கு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

டாக்டர் இனி எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்னதும், அத்தையை எங்கேயாவது வெளியே கூட்டிப்போகலாம் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். முதலில் பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், ஏசிக் குளிரில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மெனு கார்டில் அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. எழுந்து வந்துவிட்டோம். ஆட்டோவில் ஏறும்போதுதான் சிம்மக்கல்லில் நாம் சாப்பிட்ட அந்த மெஸ் ஞாபகம் வந்தது.

நாம் படிக்கும்போது அது எப்படி இருந்தது? நீள பெஞ்சு, மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், நம்மைப் போலக் காசை எண்ணி எண்ணிச் சாப்பிடுகிற பையன்கள். ஒரு பெண்கூட அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பார்சல் போகும், அவ்வளவுதான். என் அப்பா ஹார்வி மில்லில் சம்பளம் வாங்குகிற அன்று ராத்திரி சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பை தொங்கும், உள்ளே வாழையிலையில் சுற்றி, பேப்பர் மடித்து, நூல் கட்டிய கறி தோசை இரண்டு. எங்களை எழுப்பித்தான் கொடுப்பார்கள். நாங்கள் தின்ற பிறகு இலையில் ஒட்டியிருக்கும் மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அம்மா சாப்பிடுவாள்.

இப்போது அங்கே பின்பக்கம் ஃபேமிலி ரூம் கட்டியிருக்கிறார்கள். மேஜைகள் புதுசு, தோசைக்கல் மட்டும் அதே இடத்தில். பரிமாறுகிற அண்ணன் அம்மாவைப் பார்த்ததும் ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். கேட்காமலேயே சின்னவளுக்கும் ஓர் இலை போட்டு, "பாப்பாவுக்கு மிளகு இல்லாம ஆம்லேட் போடச் சொல்றேன், சால்னா ஊத்தல" என்றார். அவள் பன் பரோட்டாவைப் பிய்த்துச் சீனி தொட்டுத் தின்றாள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு கைக்குழந்தை அழுதபோது அந்த அண்ணனே தூக்கிக்கொண்டு போய்க் கல்லில் தோசை வார்ப்பதைக் காட்டினார். குடும்பத்தோடு சாப்பிடுகிற இடம் என்றால் எனக்கு இதுதான் மாப்ள, மற்றதெல்லாம் வெறும் பெயர்ப்பலகை.

கறி தோசை வந்தது. உனக்குத் தெரியும், மாவைக் கெட்டியாக ஊற்றி, அது வேகும்போதே முட்டையை மேலே விட்டு, அதன்மேல் வெந்த கறியைக் குழம்போடு பரப்பி, சுற்றிலும் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்தால் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். பார்சலில் அந்த ஓரமே இருக்காது, ஆவியில் எல்லாம் தொய்ந்து, வீடு வந்து சேர்வதற்குள் கறியின் கொழுப்பும் உறைந்துவிடும். அம்மா ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள், கொஞ்ச நேரம் மென்றாள், அப்புறம் என்னைப் பார்த்து, "இது இப்படியாடா இருக்கும்?" என்றாள். 72 வயது. இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எத்தனை ராத்திரி இந்தத் தெருவில் நீயும் நானும் சூடாகத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம், ஒரு நாளாவது அவளைக் கூட்டி வரத் தோன்றவில்லையே.

முழுசாகச் சாப்பிட்டாள். வெங்காயக் குடலில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, சின்ன வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கலாம் என்று சொன்னாள், அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வெளியே வந்ததும் சின்னவளுக்கு ஜிகர்தண்டா வேண்டும், விளக்குத்தூண் வரைக்கும் போனோம். அம்மா கடல்பாசியும் ஐஸ்கிரீமும் வேண்டாம் என்று பருத்திப்பால் கேட்டாள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிற அதே பழைய பக்குவம், இப்போதும் தள்ளுவண்டியில் கிடைக்கிறது. கறி தின்ற வயிற்றுக்கு அதுதான் நல்லது என்று அம்மா சொன்னது எனக்கும் சரியென்றே படுகிறது.

நீ அயிரை மீன் பற்றிக் கேட்டிருந்தாய். கிடைக்கிறது, விலைதான் ஏறிவிட்டது. மீனை உயிரோடு பாலில் போட்டு, அது வயிற்று மண்ணைக் கக்கிய பிறகுதான் உரசிக் கழுவிக் குழம்பு வைக்கிறார்கள். அது மதியச் சாப்பாட்டுக்கு, தனியாக ஒரு நாள் போகலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது உன் அம்மாவையும் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வா. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று சிம்மக்கல் பக்கம் கால் வைக்க முடியாது, கூட்டம் வடியட்டும். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி கறி தொடமாட்டாள், அதனால் சனிக்கிழமை ராத்திரி, ஏழு மணிக்கே போய்விடுவோம், எட்டுக்கு மேல் ஃபேமிலி ரூமில் இடம் கிடைக்காது.

உன்
பங்காளி