சாகச நூலைச் சுருக்கும்போது போய்விடுவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் இப்போது என்ன படிக்கிறார்கள் என்று வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களில் ராபின்சன் குரூசோவும், ‘புதையல் தீவு’ ஜிம்மும், நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் நெமோவும் திரும்பத் திரும்ப வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ‘பாதியிலேயே மூடி வைத்துவிட்டான்’, ‘இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறாள்’ என்ற குறையும் கூடவே வருகிறது. இதில் பெரும்பாலும் பிள்ளைமேல் தப்பில்லை. கையில் கொடுத்த பதிப்புதான் சரியில்லை.

இந்தக் கதைகளைச் சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது, ஒரு காரியம் எப்படி நடந்தது என்று சொல்லும் பக்கங்களில். கப்பல் உடைந்தது, தீவில் ஒதுங்கினான், ஃபிரைடே வந்தான், ஊர் திரும்பினான் என்று 60 பக்கத்தில் முடித்துவிடலாம். 1719இல் வந்த மூலத்தில் பிள்ளையைப் பிடித்து உட்காரவைப்பது இந்த நிகழ்ச்சிகள் அல்ல, பார்லி விதை.

கோழித் தீவனம் இருந்த பழைய பையைக் குரூசோ பாறையோரம் உதறிவிட்டுப் போகிறான். மழைக்குப் பிறகு அந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு கதிர் நிற்கிறது. தெய்வச் செயல் என்று மலைத்துப் போகிறான். பை உதறியது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. கதிரைத் தின்னாமல் விதைக்கு எடுத்துவைக்கிறான். முதல் விதைப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டுவிட்டு, ஒரு பிடியை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறான். அந்த ஒரு பிடிதான் அவனைக் காப்பாற்றுகிறது. போட்டது வறண்ட மாதங்களில். பட்டம் தப்பிய விதை முளைக்கவில்லை. மீதியைப் பிப்ரவரியில் போட, மார்ச், ஏப்ரல் மழையில் அது பிழைக்கிறது. அப்படியும் நான்காம் ஆண்டில்தான் ஒரு மணியாவது தின்ன முடிகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நாட்டில் இந்தப் பக்கங்களை வெட்டிவிட்டு எதைக் கொடுக்கிறோம்?

பானையும் இப்படித்தான். இரண்டு மாதம் பாடுபட்டு இரண்டு கோணல் பானை செய்கிறான். வெயிலில் காய்ந்த மண் தண்ணீர் தாங்காது. அடுப்பில் கிடந்த ஓர் உடைந்த ஓடு கல்லாக இறுகி, செக்கச்செவேல் என்று கிடப்பதைப் பார்த்த பிறகுதான் மண்ணைச் சுட வேண்டும் என்பது பிடிபடுகிறது. சுடும்போது தணலை ஒரேயடியாக அணைக்காமல், இரவெல்லாம் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கிறான். கடையில் நூலைப் புரட்டும்போது இந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். கரை சேர்ந்த அடுத்த பக்கத்திலேயே குரூசோ ரொட்டி தின்றால், அந்தப் பதிப்பு வேண்டாம்.

சுருக்கத்தில் காணாமல்போகும் இன்னொன்றும் உண்டு. தீவில் ஒதுங்குவதற்கு முன், அடிமைத்தனத்திலிருந்து தன்னோடு தப்பி வந்த சூரி என்ற சிறுவனைக் குரூசோ 60 வெள்ளிக் காசுக்கு விற்கிறான். கப்பல் உடைந்ததே அடிமைகளை வாங்கப் போகும் வழியில்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து படித்து, நடந்தது அநியாயம் என்று பேச வேண்டும்.

ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1881-82இல் சிறுவர் வார இதழில் தொடர்கதையாக வந்து, 1883இல் நூலானது. மொத்தம் 34 அத்தியாயங்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்க ஏறக்குறைய கால்மணி நேரம் பிடிக்கும். இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 16ஆம் அத்தியாயத்தில் பல பிள்ளைகள் தடுக்கி நிற்பார்கள். அதுவரை கதை சொன்ன ஜிம் விலகி, 18 முடிய டாக்டர் லிவ்சி சொல்கிறார். ‘இனி மூன்று அத்தியாயம் டாக்டர் பேசுவார்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

இந்நூலில் பார்க்க வேண்டியது 22, 23ஆம் அத்தியாயங்கள். மரச் சட்டத்தின்மேல் ஆட்டுத்தோல் போர்த்திய சின்னக் கலத்தில் கொள்ளையர் பிடித்துவைத்த கப்பலை அவிழ்த்துவிட ஜிம் இரவில் அதை நெருங்குகிறான். துடுப்பு போட்டால் அந்தக் கலம் நேரே போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. நம் பரிசலேதான்! ஒகேனக்கல்லில் ஏறிய பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டாம். ‘சிறு படகு’ என்று மொழிபெயர்த்தால் அது ஏன் சுற்றுகிறது என்பதே புரியாது. நங்கூரக் கயிறு வில் நாணாக விறைத்திருக்கிறது. அப்போது அறுத்தால் அது உதறும் வேகத்தில் பரிசலோடு தூக்கி எறியப்படுவான். காற்று திரும்பிக் கயிறு தளரும்வரை காத்திருந்து, புரி புரியாக அறுத்து, கடைசி இரண்டு புரியை விட்டுவைக்கிறான். அடுத்த தளர்வில்தான் அவற்றையும் அறுக்கிறான். ‘ஜிம் கயிற்றை அறுத்தான்’ என்று ஒரே வரியில் இருந்தால் பயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை.

ஜூல் வெர்னின் நெமோ கதையான ‘கடலடியில் 20,000 லீக்’ நூலுக்கு வேறு ஆபத்து. தலைப்பில் உள்ள 20,000 லீக் என்பது போன தூரம், ஆழம் அல்ல. பிரெஞ்சில் லீக் 4 கி.மீ. என்பதால் 80,000 கி.மீ., பூமியை இரண்டு சுற்று. 1870களில் மெர்சியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஏராளமாக வெட்டியதோடு பிழைகளையும் சேர்த்தது. நீரைவிட 7.8 மடங்கு அடர்த்தி என்று வெர்ன் சொன்ன எஃகு, அதில் நீரைவிட இலேசாகிவிடுகிறது. கடலடியில் நடக்க அணியும் மூழ்குடை, மிதக்கவைக்கும் தக்கைச் சட்டை ஆகிவிடுகிறது! அதை நம்பி எழுதிய தமிழ்ப் பதிப்பில் இவை அப்படியே இறங்கும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு எஃப்.பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இலங்கைக் கரையோர முத்துச் சலாபக் காட்சியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. கல்லைக் காலில் இடுக்கி மூழ்கும் ஏழை முத்துக்குளிப்பவரைச் சுறாவிடமிருந்து காக்க நெமோ குத்துவாளோடு பாய்கிறார். கடைசியில் அந்த ஏழையின் கையில் ஒரு முத்துப் பையைத் திணிக்கிறார். தானும் ஒடுக்கப்பட்ட நாட்டவரின் பக்கம் என்கிறார். காரணம் பிறகு வந்த வெர்னின் ‘மர்மத் தீவில்’தான் வெளிப்படும்: நெமோ மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், 1857 கிளர்ச்சியில் நின்றவர். இரண்டு நூலின் ஆண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையைப் பாராட்டுங்கள், தப்பு வெர்னுடையதுதான்.

பதிப்பாளர்களிடம் கேட்பது இவ்வளவே. சுருக்கம் என்றால் அட்டையிலேயே ‘சுருக்கம்’ என்று போடுங்கள். மொழிபெயர்த்தவர் பெயரையும், எந்த மொழியில் யாருடைய பதிப்பிலிருந்து எடுத்தது என்பதையும் உள்பக்கத்தில் அச்சிடுங்கள். நூலகங்களும் இந்த விவரம் இல்லாத பிரதிகளை வாங்கும்முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தருமபுரி.