வசந்திக்கு, உன் காலப் பயணக் கதை பற்றி

அன்புள்ள வசந்தி,

கடிதமும் கதையும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்ததும்தான் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். மகள் இயற்பியல் முதுகலையில் சேர்ந்துவிட்டாள். அவள் மேசையில் கிடப்பதையெல்லாம் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உன் கதை நல்ல நேரத்தில் கைக்கு வந்தது.

தம்பி படகில் ஏறாமல் தடுக்க மல்லிகா பத்து வருடம் பின்னால் போகிறாள், தடுத்தும்விடுகிறாள். அவன் சாகவே இல்லை என்றால் அவள் எதற்காகக் கிளம்பினாள், கிளம்பாவிட்டால் தடுத்தது யார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்கிறாய். கடந்த காலத்துக்குப் போய் இளம் வயதுத் தாத்தாவைக் கொல்லப் பார்க்கும் பேரன் புதிரிலும் இதே சிக்கல்தான், தாத்தா செத்தால் பேரனே பிறந்திருக்க மாட்டான். எச். ஜி. வெல்ஸ் 1895இல் தன் கால இயந்திரத்தை ஓட்டியபோது இந்தத் தொல்லை அவருக்கு இல்லை, ஏனென்றால் அவருடைய பயணி போவது எதிர்காலத்துக்கு. அதில் முரணே கிடையாது. 1971இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்று அளந்தே பார்த்துவிட்டார்கள். யாருக்குக் காலம் மெதுவாக ஓடுகிறதோ, அவர் மற்றவர்களின் எதிர்காலத்துக்குப் போய்ச் சேர்கிறார் என்றுதானே அர்த்தம். பின்னால் போகும்போதுதான் வம்பு.

ஆனால் உன் கதையில் என்னை நிறுத்தியது வேறு ஒரு இடம். அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்ததும், லாக்கெட்டின் பின்புறம் பொறித்திருந்த அவன் இறந்த தேதி கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. அழகாக எழுதியிருக்கிறாய். இருந்தாலும் அந்தக் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ எந்தக் காலத்தில் நடக்கிறது? அந்தத் தேதியைப் பொறித்தார்கள் என்பதும் பொறிக்கவே இல்லை என்பதும் ஒரே நாளைப் பற்றிய இரண்டு கூற்றுகள். ஒன்று உண்மை என்றால் மற்றது பொய். முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று சொல்வதற்கு, காலத்துக்கு வெளியே நின்று ஓடும் இன்னொரு காலம் வேண்டும். டேவிட் லூயிஸ் என்ற தத்துவ அறிஞர் 1976இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக்கிவிட்டார். கடந்த காலத்துக்குப் போவதில் முரண் இல்லை, அதை மாற்றுவதில்தான் முரண். பேரனிடம் துப்பாக்கி இருக்கிறது, குறியும் தப்பாது, ஆனாலும் தாத்தா அன்று சாகவில்லை. ஏதோ ஒன்று சாதாரணமாகக் குறுக்கே வந்திருக்கும், அவ்வளவுதான்.

வெறும் தத்துவம்தானே என்று நீ சொல்லக்கூடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து புழுத்துளைக்குள், அதாவது வெளியிலும் காலத்திலும் இரண்டு இடங்களை இணைக்கும் கற்பனையான குறுக்குவழிக்குள் போய், சற்று முந்தைய நேரத்தில் வெளியே வந்து, உள்ளே போக வந்துகொண்டிருக்கும் தன்னையே இடித்துத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று இயற்பியலாளர் ஜோசப் போல்ச்சின்ஸ்கி கேட்டார். தாத்தா கதையேதான், ஆனால் மனமும் விருப்பமும் இல்லாத ஒரு பொருளை வைத்து. இன்னொரு இயற்பியலாளர் கிப் தோர்னும் அவருடைய மாணவர்கள் இருவரும் கணக்குப் போட்டு 1991இல் விடை வெளியிட்டார்கள். வெளியே வரும் பந்து நேராக மோதாமல் ஓரமாக உரசிப் போகலாம். உரசலில் பழைய பந்து லேசாகத் திசைமாறி, ஆனாலும் துளைக்குள் விழும். திசைமாறி விழுந்ததால்தான் வெளியே வரும்போது நேராக மோதாமல் உரசுகிறது. எங்கேயும் முரண் இல்லை. இப்படிப்பட்ட விடைகள் எண்ணற்றவை இருக்கின்றன என்பதையும் கண்டார்கள்.

இதைப் படித்ததும் மல்லிகாதான் நினைவுக்கு வந்தாள். அவள் போகட்டும், கையையும் பிடிக்கட்டும். அந்தப் பிடியை உதறிவிட்டு ஓடியதால்தான் தம்பி முதல் படகைத் தவறவிட்டு இரண்டாவது படகில் ஏறினான் என்று வைத்துப் பார். அந்த இரண்டாவது படகுதான் கவிழ்கிறது. ‘யாரோ ஒரு பெண் அவனைப் பிடித்து இழுத்தாள்’ என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு சாட்சி சொல்லிவிட்டுப் போகலாம். கொடுமையான கதைதான். ஆனாலும் அவள் அன்பு எவ்வளவு என்பதை வாசகர் முழுதாக உணர்வது அங்கேதான் என்று நம்புகிறேன்.

அவனைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்றால் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் சொன்ன வழி இருக்கிறது, இணையாகப் பல உலகங்கள் உண்டு என்பது அவர் கருத்து. அவளுடைய பயணம் முடிவது வேறொரு உலகத்தில், அங்கே தம்பி பிழைக்கிறான். தர்க்கம் தப்பித்துவிடும். ஆனால் அவள் கிளம்பி வந்த உலகத்தில் அவன் இறந்தது இறந்ததுதான். அங்கே அம்மா அப்பாவுக்கு இப்போது மகளும் இல்லை. இந்த வழியை எடுத்தால் தயவுசெய்து அவர்களுக்கு ஒரு அத்தியாயம் கொடு. இப்படி எழுதுகிறவர்கள் பலரும் விட்டுவந்த வீட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, எனக்கு அதில் தீராத மனக்குறை.

இன்னொன்று, அந்த நோட்டுப் புத்தகம். வயதான மல்லிகா இயந்திரத்தின் வரைபடம் உள்ள நோட்டை இளையவளிடம் கொடுக்கிறாள், அவள் முப்பது வருடம் வைத்திருந்து, பிறகு பின்னால் வந்து அதே நோட்டைக் கொடுக்கிறாள். இது ஒத்துவராது. முப்பது வருடத்தில் காகிதம் பழுத்து ஓரம் கிழிந்திருக்கும், கொடுக்கும் நோட்டும் வாங்கிய நோட்டும் ஒன்றாக இருக்க முடியாது. அவள் புது நோட்டில் கைப்பட நகல் எடுத்துக் கொடுக்கட்டும், காகிதச் சிக்கல் தீர்ந்தது. அப்போதும் வரைபடத்தை முதலில் யோசித்தது யார் என்ற கேள்வி மிஞ்சும். அதில் முரண் இல்லை, மூலம்தான் இல்லை. தாத்தா புதிரைவிட இதுதான் என்னை அதிகம் ஆட்டுகிறது. அதற்கு விளக்கம் எழுத முயலாதே, நகல் எடுக்கும்போது மல்லிகாவுக்கே அந்தக் கேள்வி வந்தால் போதும்.

எந்த வழியை எடுக்கிறாய் என்று எழுது. லாக்கெட் பத்தியை வேறு எங்காவது வைத்துக்கொள்ள முடியுமா என்றும் பார், அந்த வரிகளை இழக்க எனக்கு மனமில்லை. அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கலா